கொழுந்து லொறியில் பிறந்தவள்

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பாராட்டு விழா. பொன்னாடைத் தட்டை ஏந்தி நின்றவள் பதினோராம் ஆண்டு ஜெயலெட்சுமி. மேடையில் இருந்த சிவசக்திக்கு அவளை ஏறிட்டுப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

சிவசக்தி அங்கே படித்தவள். அவளும் பதுளைத் தோழி றிஸ்னியும் அந்த வருடம் சட்டப் படிப்பை முடித்திருந்தார்கள். விடுமுறை நாட்களிலெல்லாம் வந்து, பிறப்புச் சான்றிதழ் இல்லாத மாணவர்களுக்கு அதை எடுத்துக் கொடுத்தார்கள். இருபத்தாறு பேருக்குக் கிடைத்துவிட்டது. அதற்குத்தான் பொன்னாடை. கிடைக்காத இருபத்தேழாவது ஆள்தான் தட்டை ஏந்தி நின்றாள். சான்றிதழ் இல்லாவிட்டால் அடையாள அட்டை இல்லை, பரீட்சையோ நெருங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் பிறந்தால் ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் ஏறும். தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தால் தோட்டத்தில் எழுதுவார்கள். ஜெயலெட்சுமி பிறந்தது கொழுந்து லொறியில், பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதி வழியில். பிள்ளைதான் பிறந்தாயிற்றே என்று லொறி திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரி அவளைக் காணவேயில்லை. ஆஸ்பத்திரியில் எழுதியிருப்பார்கள் என்று தோட்டத்திலும் விட்டுவிட்டார்கள். தகப்பன் இல்லை. உடன் போன மருத்துவச்சியும் உயிரோடில்லை. தாய் குவைத்தில். நேரில் கண்ட ஒருவரின் சத்தியக் கடதாசி வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. லொறியை ஓட்டியது யார் என்று கேட்டால், தாய் தொலைபேசியில் ஞாபகமில்லை என்பாள்.

அதிபர் புகழ்ந்து முடித்ததும் சிவசக்தி ஒலிவாங்கியை வாங்கினாள். நன்றி சொன்னாள். பிறகு, ஒரு பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டுப் பொன்னாடை வாங்கக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லி, ஜெயலெட்சுமி சம்மதமாகத் தலையசைத்த பின் லொறிக் கதையை விளக்கினாள்.

மூன்றாம் வரிசையில் அழகர் எழுந்தார். போன வருடம்தான் ஓய்வு பெற்ற லொறிச் சாரதி. அவருடைய பேத்தி அந்த இருபத்தாறு பேரில் ஒருத்தி.

"ஓட்டுனது நாந்தாம்மா. கொழுந்து லொறில ஆளு ஏத்தக் கூடாது. தோட்டத்துத் தொரைக்குத் தெரிஞ்சா வேல போயிரும்னு, பெல்ட்டு அறுந்து திரும்பி வந்தேன்னு லொறிப் புத்தகத்துல எழுதி வச்சிட்டேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அதோட அம்மாகிட்ட சத்தியமும் வாங்கிக்கிட்டேன்."

பின்வரிசையில் இருந்த கொழுந்து பறிக்கும் நல்லம்மா குரல் கொடுத்தாள். "அறுந்த பெல்ட்டு இந்தா தட்டு புடிச்சிக்கிட்டு நிக்கிது பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயலெட்சுமியும் சிரித்தாள், தட்டு ஆடியது.

சிவசக்தியின் மனம் அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டது. காரணம் பொய்யானாலும், வண்டி எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் திரும்பியது என்பது அந்தப் புத்தகத்தில் உண்மையாகவே இருக்கும். அன்றே எழுதிய எழுத்து. கண்ட சாட்சியும் அன்றைய எழுத்தும் சேர்ந்தால் விண்ணப்பத்துக்கு இரண்டு காலும் வந்துவிடும். பழைய புத்தகங்கள் ஸ்டோரில் பத்திரமாக இருப்பதாகத் தோட்டத்துக் கிளாக்கர் எழுந்து சொன்னார்.

"புத்தகத்துல பொய் எழுதுனேன்னும் சத்தியக் கடதாசியில எழுதணும் மாமா. பரவாயில்லையா?" என்று சிவசக்தி அழகரிடம் கேட்டாள்.

"எழுதும்மா. என் பேத்திக்கு நீங்க அலைஞ்சீங்க. நான் எந்திரிச்சுக்கூட நிக்கலைன்னா எப்படி?"

பிரதம விருந்தினரான மொஹிதீன், பதுளையில் கடை வைத்திருக்கும் சமாதான நீதவான். சத்தியக் கடதாசிகளை உறுதிப்படுத்தும் முத்திரை எப்போதும் அவர் பையில் இருக்கும். மலர்ச்சாடியை நகர்த்திவிட்டு, அதே மேசையில் றிஸ்னி எழுதினாள். மொஹிதீன் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினார். அழகர் ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க" என்றார். பிறகு மெதுவாகக் கையெழுத்து வைத்தார். முத்திரை விழுந்தது.

இப்போதாவது போர்த்தலாமா என்று அதிபர் கேட்டார். சிவசக்தி தலை குனிந்தாள். போர்த்தியவள் ஜெயலெட்சுமி. கும்பிடத்தான் சிவசக்திக்குக் கை இல்லை. முத்திரை மை காயும்வரை அந்தக் கடதாசியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.