லிஃப்ட் மெக்கானிக்குக்கு எத்தனை மார்க்?

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை அக்காவிடமிருந்து சுட்டது. வெளிநாட்டிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்களுக்கு அவள் நம் மொழி சொல்லித்தருகிறாள். நான் ஆறு புத்தகம் எழுதியவன். எங்கள் இருவரில் யாருக்கு மொழி தெரியும் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

2

"மழை கொட்டிய அந்த மாலையில், வகுப்பறையின்..."

(அடித்துவிட்டேன். அன்று மழையே இல்லை.)

அக்கா வகுப்பில் ஒரு வழக்கம். எதைச் சொன்னாலும் அவரவர் வேலையிலிருந்து ஓர் உவமை எடுத்துச் சொல்ல வேண்டும். கோபம் எப்படி இருக்கும் என்றால், சலவைக்கடைக்காரி "சட்டை மேல இஸ்திரிப்பெட்டி, நான் மறந்துட்டேன்" என்பாள். பாடப்புத்தகத்தில் இல்லாத இந்தக் கூத்து மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை. வாய்மொழித் தேர்வைத் தானே நடத்துவதாகவும், பாதிப்பேராவது தேறாவிட்டால் வகுப்பை மூடிவிடுவதாகவும் சொல்லிவிட்டார். இருந்த ஆறு பேரில் இரண்டு பேர் தேறினார்கள், மூன்று பேர் கோட்டைவிட்டார்கள். மிச்சம் லிஃப்ட் மெக்கானிக்.

3

இந்த ஆளை நம்பி எப்படிக் கதை எழுதுவது? நாலு மாதமாக வகுப்பில் வாயே திறக்காதவர். முதல் வரைவில் அவரை "உங்கள் மொழி ஒரு கடல்" என்று பேசவைத்தேன். அக்கா படித்துவிட்டு, "அவர் கடலையா ரிப்பேர் பண்றார்?" என்று கேட்டாள்.

ஆகவே நடந்தது நடந்தபடி. மொழி கற்பது எப்படிப் போகிறது என்று அதிகாரி கேட்டார். நன்றாகப் போகிறது, நன்றி என்பது புத்தகத்துப் பதில். மெக்கானிக் சொன்னது இது:

"நான் லிஃப்ட் உள்ள. மூணு மாடி, நாலு மாடி, நடுவுல நிக்குது. கதவு திறக்கல. எங்க வேலையில முதல்ல கதவு இல்ல. முதல்ல வெளிய நின்னு பேசணும். உள்ள ஆள் பயப்படக்கூடாது. டீச்சர் வெளிய பேசுறாங்க. எனக்கு பயம் இல்ல."

(எதையும் திருத்தவில்லை. திருத்த எனக்கு யோக்கியதை கிடையாது.)

இதை என்னிடம் சொல்லும்போது அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள் என்று எழுதினால் சண்டைக்கு வருவாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

4

ஒரு முடிவு: அதிகாரி எழுந்து கைகொடுக்கிறார். (மேலதிகாரி எழுந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?)

இன்னொரு முடிவு: கேட்டதற்கு இது பதில் இல்லை என்று பூஜ்யம் போட்டுவிட்டு...

அதிகாரி போட்ட மார்க் அக்காவுக்குத் தெரியும். எவ்வளவு கெஞ்சியும் சொல்லவில்லை. "நீ எவ்வளவு போடுவ? அதை முதல்ல சொல்லு" என்றாள்.

நான் போட்டாயிற்று. பத்துக்கு ஐந்து வந்தால் வகுப்பு நடக்கும். தாள் இப்போது உங்கள் முன்னால் இருக்கிறது. மெக்கானிக் இன்னும் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார், போடுங்கள்.