கற்பூரத்தில் அடித்த பெர்மனென்ட்

1931ஆம் ஆண்டு, மலாயாவில் கோத்தா திங்கிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், வெள்ளையம்மாளை ஏற்றிய லாரியால் எல்லைக்கல்லைத் தாண்ட முடியவில்லை. இஞ்சின் உறுமியது, சக்கரம் சுற்றியது, லாரி நகரவில்லை. அவளை இறக்கியதும் தாண்டியது. நாலு ஆட்கள் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வேர்க்க விறுவிறுக்க மத்தியானம் வரை நடந்தும் எல்லைக்கல் கிட்டே வரவில்லை. அன்று ரப்பர் விலை இன்னும் இறங்கியது, சாயங்காலம் மழை பெய்தது.

காரணம் பழையது. 1919இல் விஷக்காய்ச்சலுக்குப் புருஷனையும் கைக்குழந்தையையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்து, தோட்டத்திலேயே புதைத்துவிட்டு, அவள் ஊருக்குக் கிளம்பினாள். பால்மரம் வெட்ட ஆள் கிடைக்காமல் துரை தவித்த நேரம். முனியாண்டி கோயில் திருவிழாவில் கங்காணி காளியப்பன் கற்பூரத் தட்டை நீட்டினான். துரை எரிகிற கற்பூரத்தின்மேல் உள்ளங்கையால் அடித்து, அவளைப் பார்த்து "யூ ஆர் பெர்மனென்ட்" என்றார். அப்படி அடித்தால் சத்தியம் என்று அவருக்குத் தெரியாது; கும்பிடுகிற முறை என்று நினைத்துக்கொண்டார்.

"இனிமே ஒன்ன இங்கேருந்து யாரும் அசைக்க முடியாது" என்று கங்காணி தமிழில் சொன்னான். அந்த இரண்டு குழிமேட்டுக்கும் விளக்கு வைத்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று அவள் கப்பலை மறந்தாள்.

விலை விழுந்ததும், ஆட்களை நாகப்பட்டினக் கப்பலில் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஜெயபாலன் அவளுக்கு விளக்கினார்.

"பெர்மனென்ட்டுன்னா மறு உத்தரவு வர்ற வரைக்கும்னு அர்த்தம்மா."

படித்த வாயில் வந்த வியாக்கியானத்தைப் பாருங்கள்.

"சத்தியம் பண்ணப்ப அந்த வால் இல்லீங்களே ஐயா" என்றாள் வெள்ளையம்மாள்.

அடுத்த வீட்டு அங்கம்மாளுக்கும் துரை அதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார். ஆனால் ஆபீஸ் வாசலில், வெறுங்கையோடு. அவள் பெற்ற மூன்றும் இந்த மண்ணில்தான் கிடந்தன. "என்னையும் விடுங்கய்யா" என்று கதறினாள். லாரி அவளை ஏற்றிக்கொண்டு ஒரு குலுக்கல்கூட இல்லாமல் போய்விட்டது.

எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான். லாரி நின்றது அதிசயமாம், ஜொகூர் பாரு வரை பேசுகிறார்கள். லாரி போனதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் காணோம்.

அந்தத் துரையையே கம்பெனி வேறு தோட்டத்துக்கு மாற்றியது. 1936இல் தோட்டம் கைமாறியபோது, மரங்கள், புகைவீடு, கிணறு, வெள்ளையம்மாள் என்று சேர்த்தே ஒப்படைத்தார்கள். புதுத்துரை ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் பால் வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.