பெட்டித் தையல்

...நாலு பக்கமும் ஓட்டி நடுவில் ஒரு பெருக்கல் குறி, அதுதான் பெட்டித் தையல், லாரித் தார்ப்பாயின் கயிற்றுப் பட்டையானாலும் சரி, இந்தச் சக்கரப் பையின் இழுப்பு நாடாவானாலும் சரி, பாரம் தாங்குகிற இடத்தில் அதைப் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று அறிவுச்செல்விக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் விட்டாள். பெட்டிக்குப் பதிலாக ஒரே ஒரு ஓட்டுத் தையல், அதுவும் சட்டைக்குப் போடுகிற மெல்லிய நூலில், மேலே கறுப்புப் பட்டையை மடித்து மூடியாகிவிட்டது, இனி யார் வந்து தடவிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. எத்தனை நாள் தாங்கும்? மட்டைகள், ஹெல்மெட்டுகள், பந்துகள் எல்லாம் சேர்ந்து இருபது கிலோ... பத்து நாள் தாங்கும், அப்புறம் ஏதாவது ஒரு பஸ் படியில் வெடுக்கென்று ஒரு இழுப்பு, அவ்வளவுதான். மொத்தம் பதின்மூன்று பைகள். பன்னிரண்டு, விளையாடுகிற பிள்ளைகளுக்கு, அவற்றில் ஒரு தையல்கூடக் குறையாது, லாரியில் கட்டி இழுத்தாலும் வராது. பதின்மூன்றாவது மட்டும் கோச்சுக்கு. மூடியில் வெள்ளை நூலில் கௌதமன் என்று அவளே பூத்தையல் போட்டாள், பாதியில் ஊசி உடைந்தது, உடையட்டும், வேறு ஊசி மாட்டித் தொடர்ந்தாள். சாஃப்ட்பால் கோச் கௌதமன். ஒன்பது வருடம் கழித்து அந்த ஆள் பெயர் தன்னுடைய ஊசிக்குக் கீழே வந்து படுக்கும் என்று கனவிலாவது நினைத்தாளா?

பன்னிரண்டு மணிக்கு வருகிறாராம். கடை முதலாளி சென்னிமலை அண்ணன் காலையிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டார், ஏன் செல்வி, ஆயிருச்சா, சார் நேராவே வாராராமா, ஒரு பிசிறு இருக்கக் கூடாது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற தெருவில் தார்ப்பாயும் சீட் உறையும் தைத்துக்கொண்டு கிடந்த கடைக்கு இந்த ஆர்டர் வந்ததில் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. கோச் அனுப்பியதாக ஏதோ வெளிநாட்டுப் பையின் படத்தை போனில் காட்டி, இதே மாதிரி வேணுமாமா என்றார். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இது நம்ம மண்ணுக்கு ஆகாதுங்கண்ணா என்று ஒரே போடாகப் போட்டாள். பெட்டிக்கடைப் பொம்மைக்கு வைக்கிற மாதிரி குட்டிச் சக்கரம், நம்மூர் மைதானத்துக் கல்லில் அது நாலு அடி நகராது. பெரிய ரப்பர் சக்கரம் வேண்டும், அதை நடுவில் வைக்காமல் மூலையோடு ஒட்டி வைக்க வேண்டும், அடியில் பலகை வேண்டும், பலகைக்குக் கீழே இரண்டு சறுக்குப் பட்டை, பஸ் படியில் சக்கரம் உதவாது, சறுக்கித்தான் ஏற்ற வேண்டும். மட்டைக்குத் தனியாகப் பக்கவாட்டில் நீளக் குழாய் மாதிரி அறை, மற்ற சாமானோடு போட்டால் உருண்டு உருண்டு பந்தையும் கையுறையையும் இடிக்கும். ஷூவுக்குக் கீழ் அறை, அதில் காற்றுப் போகத் தார்ப்பாய்க்கு அடிக்கிற பித்தளைக் கண் ஆறு. மேலே இரண்டு கொக்கி, கம்பி வேலியில் மாட்டிவிட்டால் பை சேற்றில் படாமல் நிற்கும். ஜிப்பின் ரன்னரில் கயிற்று வளையம், ஏனென்றால் பந்து பிடிக்கிற கேட்சருடைய கட்டை விரல் எப்போதும் வீங்கித்தான் இருக்கும், வீங்கின விரலால் அந்தச் சின்னத் தகட்டைப் பிடிக்க முடியாது... இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் செல்வி என்று அண்ணன் வாயைப் பிளந்தார். சும்மா தெரியுமுங்க என்றாள். சும்மாவா தெரியும்? நாலு வருடம் முதுகு தெரிந்துகொண்டது, தோள்பட்டை தெரிந்துகொண்டது.

அன்றைக்கு இருந்தது ரெக்சின் மூட்டை, பை என்று சொன்னால் பைக்கு அவமானம். மட்டை வீசுகிறவளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிப்பவள்தான் கேட்சர், சாமான் அதிகம் கேட்சருக்குத்தான், ஆகவே மூட்டையைச் சுமப்பதும் கேட்சர்தான், இது கௌதமன் சார் போட்ட சட்டம். ஜேடர்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பள்ளிக்கூடத்திலிருந்து மூட்டையை எடுத்து, மைதானத்துக்குத் தூக்கி, மறுபடி கொண்டுபோய் வைத்து... சார், அடியில தையல் உட்டுருச்சுங்க, என்று எத்தனை தடவை சொன்னாள்? மூன்று தடவை. மூன்றாவது தடவை சார் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, ஓட்டு புள்ள ரெண்டு நாளைக்கு என்றார். ஓட்டினாள். ஓமலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓட்டினாள். மறுநாள் மாநிலப் போட்டி, இறங்குகிற படியில் அடி பிளந்தது, மட்டைகள் உருண்டன, கேட்சர் முகக்கவசம் மட்டும் ஓடிப்போய்ப் பின்னால் வந்த பஸ்ஸின் டயருக்குக் கீழே படுத்துக்கொண்டது. நொறுங்கின சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. அத்தனை சனத்துக்கும் முன்னால் சார், ஒரு பையப் பாத்துக்கத் தெரியாதவளுக்கு டீம்ல என்ன வேல, பொறுப்பு வேணும், என்று சொல்லிப் பேனாவை எடுத்துப் பட்டியலில் அவள் பெயரை அடித்தார், பேனா சட்டைப் பையில் தயாராகத்தானே இருந்தது? அவள் இடத்தில் சுகன்யா, சாருடைய சிநேகிதர் மகள், கையுறையில் விலைச்சீட்டுகூடக் கிழிக்காதவள். அணி இரண்டாவது வந்தது, மாநிலச் சான்றிதழ் சுகன்யாவுக்குப் போனது, அதை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டு, அப்புறம் வேலை, இன்றைக்கு சேலத்தில் ஏதோ அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். அறிவுச்செல்விக்கும் மின்விசிறி இருக்கிறது, தார்ப்பாய்ச் சூட்டில் அது அனலைத்தான் வாரி இறைக்கிறது. அம்மா அத்தாயி அப்போதே சொன்னாள், போனது போகுது உடு சாமி. விடுவதாவது. ஒன்பது வருடமும் தினமும் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து தின்றிருக்கிறாள் அதை.

அந்த ஆளுக்கும் ஒரு பஸ் ஸ்டாண்டு வர வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை, பெரிதாக ஒன்றும் இல்லை. நாடா பிய்ந்து பை படியில் சாய வேண்டும், வாய் திறந்து பந்துகள் நாலா பக்கமும் ஓட வேண்டும், பூக்காரி, டிக்கெட் கிழிக்கிறவர், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்க்க வேண்டும், அந்த நெட்டை மனுசன் முதுகை வளைத்துக் குனிந்து குனிந்து பொறுக்க வேண்டும். குனியட்டும். ஒரு தடவையாவது குனியட்டும். நெட்டை என்றதும்தான் கை நாடாவின் மேல் நின்றது... மற்ற பன்னிரண்டு பைக்கும் பிள்ளைகள் உயரத்துக்கு ஒரே அளவாக நாடா வெட்டினாள், இதற்கு மட்டும் நாலு அங்குலம் கூட. யார் அளந்து கொடுத்தார்கள்? யாரும் கொடுக்கவில்லை. கையைத் தொங்கப்போட்டு அவர் நின்றால் விரல் எந்த உயரத்தில் இருக்கும் என்று கத்தரிக்கோலுக்கே தெரிந்திருக்கிறது. சொந்த அப்பாவுக்குச் சட்டை தைக்கிறபோதுகூட டேப்பை எடுத்தவள்தானே நீ? இதை நினைத்ததும் அவளுக்கே தன்மேல் எரிச்சலாக வந்தது, நாடாவைக் கையிலிருந்து உதறினாள்.

வந்துவிட்டார். ஆட்டோவிலிருந்து இறங்கி, வெள்ளை டீ ஷர்ட், தலைக்கு மை, தொப்பை புதிது, விசில் பழையது. பின்னாலேயே பன்னிரண்டு பிள்ளைகளில் ஒரு பிள்ளை. வாங்க சார் வாங்க என்று சென்னிமலை அண்ணன் நாற்காலியைத் துடைத்தார். அறிவுச்செல்வி எழுந்து நின்றாள், பார், நன்றாகப் பார், யார் என்று தெரிகிறதா? அவர் பார்த்தது பையை. சக்கரத்தைக் காலால் ஒரு உருட்டு உருட்டினார், கொக்கியை ஆட்டினார், தன் பெயரைத் தடவிக்கொடுத்தார், நீதான் தச்சதாம்மா, அருமையா இருக்கு என்றார், அதற்குள் கண் கூரைக்குப் போய்விட்டது. அம்மாவாம். உன்னிடம் நாலு வருடம் மூட்டை தூக்கினவள் உனக்கு அம்மாவா? இருக்கட்டும், பத்தே நாள், அப்புறம் தெரியும் என்று மிஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவர் திரும்பி, ஜோதி, எம்பட பைய நீயே எடுத்துக்க, என்றார். சரிங்க சார் என்று அந்தப் பிள்ளை ஓடி வந்தது. பதினைந்து பதினாறு வயது இருக்கும், குள்ளம், வலது கட்டை விரலில் பிளாஸ்திரி. நாடா நீளம் அதிகம், பையின் முன்பக்கம் தரையில் உரசியது, பிள்ளை சளைக்காமல் நாடாவை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தது. அக்கா, சூப்பரா உருளுதுங்க, என்று சிரித்தது. சார் சொன்னார், பாத்துக்கணும் புள்ள, இப்பிடித்தான் ஒரு கேட்சர் இருந்துச்சு, ஓமலூர் பஸ் ஸ்டாண்டுல பையக் கிழிச்சு மாஸ்க்க ஒடச்சுட்டு நின்னுச்சு, அன்னைக்கே டீம உட்டுத் தூக்கிட்டேன், பேருகூட மறந்துபோச்சு, நல்லாப் புடிக்கும், ஆனா பொறுப்பு இல்ல.

பேருகூட மறந்துபோச்சு... அது ஒரு பக்கம் குத்தியது, ஆனால் அதைவிட ஆழமாக வேறொன்று குத்தியது. அடி முட்டாளே, அந்த மனுசன் என்றைக்கடி பை தூக்கினார்? நாலு வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஒரு பந்தையாவது கையில் எடுத்து நடந்து பார்த்திருக்கிறாயா? மூடியில் அவர் பெயரைப் போட்டுவிட்டால் அவர் இழுப்பார் என்று யார் உனக்குச் சொன்னது? பத்து நாளில் நாடா பிய்யும், பிய்யும்போது அவர் கை அதில் இருக்காது, பிளாஸ்திரி போட்ட இந்தக் கைதான் இருக்கும், அவர் சட்டைப் பையில் பேனா இருக்கும். இரண்டு கண்ணும் திறந்திருக்க, இன்னொரு ஓமலூரைத் தைத்து வைத்திருக்கிறாய். சொன்னால் என்ன ஆகும்? வேலை போகும். அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாமல் விட்டால்? பிள்ளை பையோடு வாசற்படிக்குப் போய்விட்டது, படியில் சறுக்குப் பட்டை டக்கென்று விழுகிற சத்தம் கேட்டது. இங்க வா சாமி, அந்தப் பையக் குடு, என்று அவள் கத்தியே விட்டாள். கடையே திரும்பிப் பார்த்தது. ஒரு தையல் உட்டுப்போச்சுங்க சார், அஞ்சே நிமிசம். அண்ணன் முகம் சுருங்கியது. சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் முன்னாடியே பாக்க வேண்டாமா, செய்யற வேலையில ஒரு பொறுப்பு வேணும்மா, என்றார். அதே வார்த்தை. ஒன்பது வருடம் பத்திரமாக வைத்திருந்து மறுபடி அவள் கையிலேயே கொடுத்தார், அவள் வாங்கிக்கொண்டாள், ஆமாங்க சார் என்றாள், நாக்கைக் கடித்ததில் ரத்தம் உப்புக் கரித்தது.

பிளேடால் கறுப்புப் பட்டையைப் பிரித்தாள், மெல்லிய நூல் சொல்லி வைத்த மாதிரி ஒரே இழுப்பில் வந்தது. தடித்த நூலை மாட்டினாள், ஜோதி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது, குதிகால் தரையில் படாமல், முட்டி இரண்டும் வெளியே பார்க்க, கேட்சர் உட்காருகிற உட்காரல். ஒருதரம் எந்திரி, கையத் தொங்கப்போடு என்றாள் அறிவுச்செல்வி. அளவு பார்த்து நாடாவில் நாலு அங்குலத்தை நறுக்கென்று வெட்டினாள், பெட்டி போட்டாள், பெருக்கல் போட்டாள், அதன்மேல் இன்னொரு பெட்டி. இனி இது பிள்ளைக்குச் சரியாக இருக்கும். அந்த நெட்டை ஆள் எப்போதாவது இழுக்க நினைத்தால், ஒன்று குனிய வேண்டும், இல்லாவிட்டால் பை குதிகாலில் இடித்துக்கொண்டே வரும்... ஆனால் அவர் எங்கே இழுக்கப்போகிறார்? உறுதியான பை, அவர் பெயரைத் தாங்கிக்கொண்டு பத்து வருடம் ஓடும், நீயே தைத்துக் கொடுத்தாய், போ. மனசு ஆறவில்லை, கொஞ்சம்கூட ஆறவில்லை. பையைத் திருப்பிக் கொடுக்கும்போது பிள்ளையின் காதோடு சொன்னாள், சார் சொன்ன அந்தப் பொண்ணு பேரு அறிவுச்செல்வி, ஜேடர்பாளையம், பை அடி உட்டுருச்சுன்னு மூணு தடவை சொல்லியும் அவரு கேக்கலைன்னு, போற வழியில அவருகிட்டச் சொல்லு. பிள்ளை அவளையே பார்த்தது, மூடியிலிருந்த பெயரைப் பார்த்தது, வெளியே நின்றவரைப் பார்த்தது, முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாகப் போனது, சரிங்கக்கா என்றது. மற்ற பைகளைச் சாயங்காலம் வண்டியில் அனுப்பச் சொல்லிவிட்டு சார் வெறுங்கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தார், பிள்ளை பின்னால் இழுத்துக்கொண்டு போனது, நாடா இப்போது அளவாக இருந்தது, ஆனால் பிள்ளை வேகமாக நடக்கவில்லை, தலை குனிந்திருந்தது. பை இப்போது இலகுவாகத்தானே உருள்கிறது, அப்புறம் ஏன் பிள்ளை இப்படி நடக்கிறது? கையில் கத்தரிக்கோலும் நாலு அங்குல நாடாத் துண்டுமாக அறிவுச்செல்வி வாசற்படிக்கு வந்தாள். நான் சொல்ல வேண்டிய சேதியையும் அந்தப் பிள்ளையையேவா தூக்கச் சொன்னேன்? ஜோதி பையை ஆட்டோவின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டிருந்தது, சார் முன்பே ஏறி உட்கார்ந்துவிட்டார். செல்வி, சோத்துக்கு நேரமாச்சு, என்று உள்ளேயிருந்து அண்ணன் கூப்பிட்டார். ஆட்டோ இன்னும் கிளம்பவில்லை.