மார்பு என்று எழுதிய காகிதம்

உள்ளே வைத்த பை கசிகிறது என்று டாக்டர் சொன்னதும் சென்னியம்மாள், "புதுசு வெக்கறதுக்கு எவ்வளவுங்க ஆகும்?" என்று கேட்டாள். வலிக்குமா, ஆபத்தா என்று கேட்கவில்லை. ஆறு மாதமாக வலியோடுதான் மில்லுக்குப் போய்வருகிறாள். அதைப் பற்றி டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

இடது முலை ஒரு பக்கமாகச் சப்பையாகிப்போய், அடியில் கல்லாக இறுகிக் கிடந்தது. டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, பேனா முனையால் காட்டினார். சிலிக்கான் பையின் உறை கிழிந்து உள்ளிருந்த கூழ் சதைக்குள் இறங்கியிருந்தது.

"இத எடுத்தே ஆகணும். புதுசு வெக்கறது உங்க இஷ்டம். எடுத்துட்டுத் தெச்சு விட்டா ஒம்பதாயிரத்துல முடிஞ்சுரும். புதுசு வெச்சா, பை பம்பாய்ல இருந்து வரணும். எல்லாஞ் சேத்து இருபத்தெட்டாயிரம்."

"புதுசு எத்தன வருசம் தாங்குங்க?"

"பத்து, பன்னண்டுன்னு சொல்றாங்க. உறுதி இல்ல."

"இது எட்டு வருசத்துல ஓட்டையாயிப் போச்சுங்களே."

"மில்லுல நீங்க தூக்கற நூல் பெட்டிக்கு எட்டு வருசம் தாங்குனதே பெருசும்மா" என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் புருசன் தம்பிதுரை விவரத்தைக் கேட்டான். அவனுக்கு பவுண்டரியில் வேலை. விரல் இடுக்கில் எப்போதும் கரிமண் இருக்கும். பஸ் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கிய பிறகுதான் சொன்னான்.

"எடுத்துப்போட்டு உட்றலாம். ஒம்பதாயிரம்னா சீட்டெடுத்துக் கட்டிப்போடலாம். நாப்பது வயசுக்கு மேல யாரு பாக்கப் போறாங்க?"

"நான் பாக்கறனே."

"வெளையாடாத அம்மணி."

"நான் எங்கீங்க வெளையாடறேன்? தெனமும் குளிக்கறப்ப நாந்தான் பாக்கறேன். நீங்க எட்டு வருசமா லைட்ட அணச்சுப்போட்டுத்தான பாக்கறீங்க."

முன் சீட்டிலிருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார். தம்பிதுரை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தான். சிங்காநல்லூர் வரும் வரை அப்படியே பார்த்துக்கொண்டு வந்தான்.

எண்பத்தொன்பதில் நல்லமங்கை மில்லின் கார்டிங் ஹாலில் அவள் மிஷின் அடியில் விழும் பஞ்சைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பெல்ட்டுக்கு மூடி இல்லை. மூடி கழன்று மூன்று மாதமாக மூலையில் சாத்தியிருந்தது, எல்லாருக்கும் தெரியும். முந்தானை பெல்ட்டில் சிக்கி, அவளை சிலிண்டரோடு சேர்த்து இழுத்தது. பஞ்சைச் சீவுவதற்காக அந்த சிலிண்டர் முழுக்கக் கம்பிப் பல். பஞ்சைச் சீவுகிற மாதிரியே சீவிவிட்டது. யாரோ ஸ்விட்சை அணைப்பதற்குள் இடது முலை போய்விட்டது.

தோல் ஆறும்வரை ஆறு மாதம் அவள் ரவிக்கைக்குள் துணிப் பையில் பஞ்சு அடைத்து வைத்துக்கொண்டாள். மில் பஞ்சுதான். வேர்வையில் நனைந்தால் கனக்கும், காய்ந்தால் மேலே ஏறித் தோள்பட்டைக்கு வரும். ஒருநாள் கேண்டீன் குழாயடியில் குனிந்தபோது நழுவித் தொட்டித் தண்ணீரில் விழுந்தது. பெண்கள் சிரித்தார்கள். பிறகு என்னவென்று புரிந்து ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். சிரித்ததை அவள் அன்றைக்கே மறந்துவிட்டாள். வாயை மூடியதைத்தான் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் பை வைத்தார்கள். மில்தான் பணம் கட்டியது. சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் நடந்த ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்து இருந்தது. வேலையில் உறுப்பிழந்தவருக்குச் செயற்கை உறுப்பு வாங்கித் தர வேண்டும், அது தேய்ந்தாலும் உடைந்தாலும் மாற்றித் தர வேண்டும்.

அந்த ஷரத்தை நம்பித்தான் அவள் மறுநாள் லேபர் ஆபீசர் பாலகோபால் முன்னால் போய் நின்றாள். அவர் மரியாதையான மனிதர். இல்லை என்று சொல்வதைக்கூட நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் சொல்வார்.

"உக்காருங்க அம்மணி." சிகிச்சை ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினார். "இங்க பாருங்க. சென்னியம்மாள், டோக்கன் நானூத்திப் பதினொண்ணு. மார்புச் சிகிச்சை. முடிந்தது."

"அதேதானுங்க சார்."

"மார்புச் சிகிச்சைன்னா நெஞ்சுக்குப் பாத்த மாதிரியில்ல இருக்குது? பஞ்சுத் தூசில இருமறவங்களுக்கெல்லாம் இப்படித்தான் எழுதியிருக்குது. வைத்தியம் பாத்தோம், முடிஞ்சுது. செயற்கை உறுப்புன்னு ஒரு வார்த்தை இதுல இல்லீங்களே."

"உங்களுக்குத் தெரியாதுங்களா சார், எனக்கு என்ன போச்சுன்னு?"

"எனக்குத் தெரியறது வேற, ரிஜிஸ்டருக்குத் தெரியறது வேற." பக்கத்துப் பக்கத்தை அவள் பக்கம் திருப்பினார். "நம்ம ரங்கராஜுக்குப் பாருங்க. செயற்கைப் பாதம், வலது. எண்பத்தாறு. மாற்று, எண்பத்தொன்பது. மாற்று, தொண்ணூத்தி ரெண்டு. மாற்று, தொண்ணூத்தி அஞ்சு. இப்படி இருந்தா ஆடிட்டர் வாயே தொறக்க மாட்டாரு."

"மார்புன்னு யாருங்க எழுதுனது?"

பாலகோபால் ஃபைலிலிருந்து ஒரு பழுப்பேறிய படிவத்தை உருவினார். எழுத்து தம்பிதுரையுடையது. உறுப்பு என்ற இடத்தில் முதலில் ஏதோ எழுதி, அடித்து, அதன் மேல் மார்பு என்று எழுதியிருந்தது. கீழே அவன் கையெழுத்து. அன்றைக்கு அவள் மயக்கத்தில் கிடந்தாள்.

வீட்டுக்கு வந்து அடுப்புப் பற்ற வைக்கும் முன்பே கேட்டாள்.

"மார்புன்னு நீங்களா எழுதுனீங்க?"

"பின்ன என்னத்த எழுதறது? பத்து ஆம்பளைங்க இருக்கற ஆபீசுக்குப் போற காகிதம்."

"எனக்குக் கால் போயிருந்தா என்னன்னு எழுதியிருப்பீங்க?"

"கால்னு எழுதியிருப்பேன். அது கால்."

"இது?"

அவன் சோப்பை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனான். கரி போகத் தேய்க்க அவனுக்குப் பத்து நிமிசம் ஆகும். அன்றைக்கு அரை மணி நேரம் தேய்த்தான்.

வெள்ளிக்கிழமை நலக் கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் இரண்டு பேர். நிர்வாகத்துக்கு பாலகோபால், சங்கத்துக்கு ரங்கராஜ். ரங்கராஜ் ஃபிட்டராக இருந்தவன். எண்பத்தாறில் பஞ்சுப் பேல் சரிந்து பாதம் நசுங்கிய பிறகு ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். அந்த ஷரத்தே அவனுக்காகப் போட்டதுதான்.

பாலகோபால் தொடங்கினார். "ஒரு வழி இருக்குது அம்மணி. முதலாளியம்மா கோமளா அம்மாகிட்ட உங்க விசயத்தச் சொன்னேன். நொம்ப வருத்தப்பட்டாங்க. பத்தாயிரம் அவங்க கையில இருந்து தர்றாங்க. அந்தப் பையை எடுத்துப்போட்டு உடம்பத் தேத்திக்குங்க. வேல அப்படியே இருக்கும்."

"அது தருமமுங்களா சார்?"

"உதவின்னு வெச்சுக்குங்களே."

"அடுத்த பத்து வருசங் கழிச்சு மறுபடியும் ஓட்டையாச்சுன்னா, அந்தம்மாவோட வருத்தம் அப்பவும் மிச்சம் இருக்குமுங்களா? எனக்கு ரங்கராஜண்ணனுக்கு எழுதுன மாதிரி எழுதிக் குடுத்துப்போடுங்க. போதும்."

ரங்கராஜ் தொண்டையைச் செருமினான். அவள் பக்கம் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினான். "ஏம் புள்ள, என்னையும் உன்னையும் ஒண்ணாக்காத. எனக்குப் பாதம் இல்லீன்னா நடக்க முடியாது. வேலைக்கு வர முடியாது. உனக்கு... அது இல்லீன்னா என்ன வேல நின்னு போச்சு? சங்கத்துக்கும் ஒரு நாயம் இருக்குதல்ல."

"அதுன்னா எதுங்ணா?"

"அதான்... அந்த இது."

"சரி, அந்த இதுவே இருக்கட்டும். ஏனுங்ணா, உங்க பாதத்துல வெரல் இருக்குதுங்களா?"

"எந்தப் பாதத்துல?"

"மில்லு வாங்கிக் குடுத்ததுல."

ரங்கராஜ் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். செருப்புக்குள் வலது கால் விரல்கள் இடது காலை விடச் சுத்தமாகத் தெரிந்தன. ரப்பர் விரல். ஐந்தும் இருந்தன. நகம்கூட வார்த்திருந்தது.

"அஞ்சு வெரலு, அஞ்சு நகம்" என்றாள் சென்னியம்மாள். "அந்த வெரலு நடக்கறதுக்குங்களா? தரையைப் புடிக்குதா, மண்ணைக் கிள்ளுதா? மரக்கட்டைக்கு அடியில ரப்பர் ஒட்டிக் கட்டியிருந்தாலும் நீங்க நடந்திருப்பீங்க. கல்யாணங் காட்சிக்குச் செருப்புப் போட்டுட்டுப் போனா ஒருத்தரும் உத்துப் பாக்கப்படாதுன்னு வெரல் வெச்சதா வேணும்னு கேட்டு வாங்குனீங்க. வாங்குனது தப்புன்னு நான் சொல்லுல. எனக்கும் அதேதான் வேணும்னு சொல்றேன்."

பாலகோபால் புன்னகையோடு மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். "கட்டைக்கும் இதுக்கும் வெலை நொம்ப வித்தியாசம் வருமோ ரங்கராஜ்?" என்றார். வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் மேசை மேல் குறிப்பதற்குப் பேனாவைத் தயாராக வைத்திருந்தார்.

ரங்கராஜுக்கு முகம் மாறியது.

"பாத்தீங்களாங்ணா" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "எதுக்கு வேணும், என்ன பிரயோசனம்னு கேக்கற பழக்கத்த இன்னைக்கு நீங்க ஆரம்பிச்சு வெக்கறீங்க. தொண்ணூத்தெட்டுல பாதம் மாத்தோணுமல்ல? அப்ப உங்களையும் கேப்பாங்க. வெரல் எதுக்கு, நகம் எதுக்குன்னு. ஷரத்துல உறுப்புன்னுதான் இருக்குது. நடக்கற உறுப்பு, நடக்காத உறுப்புன்னு இல்ல."

சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ரங்கராஜ் கால்களை மெதுவாக வெளியே நீட்டினான்.

"சார், அந்தப் புள்ள சொல்றது சரிதானுங்க" என்றான். "ஷரத்து ஷரத்துதான். நாம இடையில நொழைஞ்சு பிரிக்க வேண்டாம். முழுசாப் போட்டுக் குடுத்துருங்க. இல்லீன்னா கேட் மீட்டிங்ல எல்லாத் தொழிலாளிக முன்னாடியும் நான் பேச வேண்டி வரும்."

பாலகோபால் பேனாவை மூடினார், திறந்தார். கேட் மீட்டிங்கில் எதைப் பற்றிப் பேசுவான் என்று யோசித்திருப்பார் போல. புதுப் படிவம் ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினார். பெயர், டோக்கன் நம்பர், விபத்து நாள். உறுப்பு என்ற இடத்தில் மார்புப் பகுதி என்று எழுதினார். அவள் தலைகீழாகவே படித்துவிட்டாள்.

"அத அடிச்சுப்போடுங்க சார்."

"ஏன், தமிழ்தானே?"

"மார்பு உங்களுக்குந்தான் இருக்குது, ரங்கராஜண்ணனுக்கும் இருக்குது. அந்த வார்த்தையாலதான நான் எட்டு வருசமா நெஞ்சு நோவுக்காரின்னு உங்க ரிஜிஸ்டர்ல கிடக்கறேன்? முலைன்னு எழுதுங்க. செயற்கை முலை, இடது, மாற்று."

பாலகோபால் கதவைப் பார்த்தார். டைப்பிஸ்ட் பெண் அந்தப் பக்கம் இருந்தாள். "அம்மணி, சாங்ஷன் ஆனதையெல்லாம் நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். அது ரூல். ஆயிரம் பேர் படிப்பாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

"ரங்கராஜண்ணனுக்கு ஒட்டுனீங்களா?"

"ஒட்டுனோம்."

"அப்ப ஒட்டுங்க."

அவர் எழுதினார். எழுதும்போது இடது கையால் காகிதத்தை மறைத்துக்கொண்டார். பரீட்சை எழுதுகிற மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு அவள் போனபோது போர்டு முன்னால் கூட்டம். அவளைப் பார்த்ததும் வழி விட்டார்கள். ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் ஒருவன் பின்னால் நின்றுகொண்டு, "இருபத்தெட்டாயிரமாம். ஜோடியா வாங்குனா கொறச்சுக் குடுத்திருப்பாங்க" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

சென்னியம்மாள் திரும்பினாள். "உனக்கு மூளைக்கு எழுதிப் போட்டிருக்கறாங்களாம், ஆபீஸ்ல போய்க் கேளு. அதுக்கு ஜோடி வேண்டீதில்ல, ஒண்ணு போதும்."

சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. பக்கத்து மிஷின்காரி ராசாத்தாள்தான் சத்தமாகச் சிரித்தாள். எட்டு வருசத்துக்கு முன்னால் குழாயடியில் முதலில் வாயை மூடியவள் அவள்தான்.

ஆஸ்பத்திரியில் சேரும் நாளில் தம்பிதுரை லீவு போட்டு வந்தான். பையில் சேலை, தட்டு, டம்ளர் எல்லாம் அவனே எடுத்து வைத்திருந்தான். போர்டு விசயம் பவுண்டரி வரைக்கும் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும்.

கவுண்டரில் மில்லின் கடிதத்தைப் படித்த பெண், ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சம்மதப் படிவத்தை தம்பிதுரை பக்கம் நகர்த்தினாள். "வீட்டுக்காரர் பூர்த்தி பண்ணிக் கையெழுத்துப் போடுங்க."

அவன் பேனாவை எடுத்தான். பெயரை எழுதினான், வயதை எழுதினான். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

சென்னியம்மாள் அவன் விரலிலிருந்து பேனாவை உருவினாள்.

"போன தடவ நீங்க எழுதுனீங்க. அதச் சரி பண்ண எனக்கு இவ்வளவு சண்ட ஆச்சு. உடுங்க, எனக்கு இன்னும் மயக்க மருந்து குடுக்கலீல்ல."

அவள் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஒவ்வொரு எழுத்தாகத்தான் எழுத வரும். மு எழுதினாள், லை எழுதினாள். கட்டத்துக்குள் அடங்காமல் கொஞ்சம் வெளியே வந்தது. கீழே கையெழுத்துப் போட்டாள்.

"பேனா உங்களுதுங்களா?" என்று கவுண்டர்காரியிடம் கேட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இந்தக் காகிதத்துல எனக்கொரு நகல் போட்டுக் குடுங்க அம்மணி. பத்து வருசங் கழிச்சு மறுபடியும் கேக்கறப்ப வேணும்."

தம்பிதுரை பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். வார்டு எந்தப் பக்கம் என்று அவனே கேட்டான்.