அட்டைக்காரியின் தப்பு

பதினோரு மணிக்கு மொழி ஆய்வு நிலையத்தின் குழு கூடுகிறது. அதற்குள் அட்டைக்காரி ராஜினாமா எழுதித் தரவேண்டும் என்பது இயக்குநரின் உத்தரவு. அந்த இயக்குநர் வேறு யாருமில்லை, அவளுடைய அக்கா புருஷன்தான். வீட்டில் அத்தான், ஆபீஸில் சார். மறந்தும் மாற்றிக் கூப்பிடக் கூடாது என்று முதல் நாளே கண்டிஷன் போட்ட மகானுபாவர். ஒன்பது வருஷமாக அவளும் நாக்கைக் கட்டிப்போட்டு வைத்திருந்தாள்.

அப்படி என்ன குற்றம் செய்துவிட்டாள்? அக்காவும் தங்கையும் பேசி வளர்ந்த தாய்வீட்டுப் பேச்சுக்கு எழுத்தே கிடையாது. அதன் ஒவ்வொரு ஓசைக்கும், காதில் விழுந்தது விழுந்தபடி, ஒரு குறி போட்டு அட்டையில் எழுதுவது அவள் வேலை. அந்த அட்டைகளை வைத்து அத்தான் தடிமனாக ஒரு புத்தகமே எழுதி முடித்திருந்தார். போன வாரம் ஒலியைக் கோடாக வரையும் கருவி வந்து இறங்கியது. வந்தது சும்மா இருந்ததா? அறுநூறு அட்டைகள் தப்பு என்று காட்டிக்கொடுத்தது. உதடுகள் ஒட்டிப் பிரியும் ஓசை ஒன்று. சொல்லின் தொடக்கத்தில் வந்தால் கருவியின் ஊசி நேர்க்கோடு போட்டது. நடுவில் வந்தால் தொண்டை அதிர்ந்து கோடு நெளிந்தது. அட்டைக்காரியோ இரண்டுக்கும் ஒரே குறி போட்டிருந்தாள்.

“உன் காது என்ன செவிடா? மானத்தை வாங்கிட்டியே” என்று அத்தான் போட்ட கத்தலில் மாடியில் டைப்ரைட்டர் சத்தம் நின்றுபோனது. தப்பு முழுக்க உன்னுடையது, குழுவிடம் அதையே சொல்லப்போகிறேன் என்றார்.

அவள் அழுதாள். அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது. கவனமில்லாமல் எழுதியிருந்தால் தப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக அல்லவா இருக்கும்? அறுநூறும் ஒரே மாதிரி எப்படி? அட்டைகளையும் கருவி போட்ட கோடுகளையும் தரையில் பரப்பி ஒப்பிட்டுப் பார்த்தாள். அதிரும் ஓசை ஒருதடவைகூடத் தொடக்கத்தில் வரவில்லை. அதிராதது ஒருதடவைகூட நடுவில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் போய் வேண்டுமென்றே இரண்டையும் இடம் மாற்றிப் பேசினாள். “ஏன்டி, சளி பிடிச்சிருக்கா?” என்றாளே தவிர, அக்காவுக்கு எல்லாம் புரிந்தது. அதே இடத்தில் மூக்கால் வரும் ஓசை ஒன்றைப் போட்டதும் எதைச் சொல்கிறாய் என்று திருதிருவென விழித்தாள்.

அட்டைக்காரிக்கு விஷயம் பிடிபட்டது. வாய்க்கு இரண்டாக இருப்பது மனசுக்கு ஒன்றுதான். அர்த்தத்தை மாற்றாத வித்தியாசத்தைக் காது தானாகவே தள்ளிவிடுகிறது. திங்கட்கிழமை காலையிலேயே அத்தானிடம் சொல்லப்போனாள். விளக்கம் வேண்டாம், கடிதத்தைக் கொடு என்று கதவைக் காட்டினார்.

பதினோரு மணிக்கு நீள மேஜைக்கு முன்னால் நின்றாள். கையில் மடித்த கடிதம் நனைந்திருந்தது. பெண்ணின் அலட்சியம், நம்பி மோசம் போனேன் என்று அத்தான் ஒப்பித்து முடித்தார். பழைய ஏடுகளிலேயே ஊறிய குழுத் தலைவர், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவளைக் கேட்டார்.

“தொண்டையில விரல் வெச்சுக்கிட்டு ‘பாம்பு’ன்னு மெதுவாச் சொல்லுங்க சார்.”

அத்தான் பல்லைக் கடித்தார். தலைவர் சொல்லிப் பார்த்தார். முதலில் உதடு மூடியிருந்தபோது தொண்டை பேசாமல் இருந்தது. இரண்டாம் தடவை மூடியபோது அதிர்ந்தது. நம்பாமல் இன்னும் மூன்று முறை பாம்பு பாம்பு என்றார்.

“இத்தனை வருஷமா அந்த ரெண்டு ‘ப’வும் ஒண்ணுன்னுதானே சார் இருந்தீங்க? என் காதும் அப்படித்தான்” என்று ஆரம்பித்து, அட்டைகளையும் அக்காவின் சளியையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

தலைவர் பேனாவைத் திறந்தார்.

“புத்தகத்தையே இதை வெச்சுத் திருப்பி எழுதணும். யாரோட யோசனை இது?”

அத்தான் கனைத்துக்கொண்டார். “நாங்க ரெண்டு பேரும் ரொம்ப நாளா யோசிச்சிட்டிருந்ததுதான் சார்.”

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“தப்பா இருந்த வரைக்கும் அது என்னோடது. சரின்னு ஆனதும் எப்படி நம்மளோடதாச்சு, அத்தான்?”

தலைவர் அவளிடம், “உங்க பேர் என்னம்மா?” என்றார். ஒவ்வோர் ஓசையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.