ஒன்பது புள்ளி எட்டு

திருப்புளியை எந்தப் பக்கம் செருகுவது என்று லலிதாவுக்குப் பிடிபடவில்லை. மடியிலிருந்த பிளாஸ்டிக் கூட்டுக்கு மூடியும் இல்லை, கொக்கியும் இல்லை. உள்ளே ஒரு காமிக்ஸ் புத்தகம், முகமூடிக்காரி ஒருத்தி மாடியிலிருந்து குதிக்கும் அட்டையோடு, சொகுசாகப் படுத்திருந்தது. எதிரே பெட்டிக்குள் அவள் கணவன் எட்வின். நேற்றுக் காலை ஷூ லேஸ் கட்டக் குனிந்தவன் நிமிரவேயில்லை.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். போகிறவர் கையில் ஜெபமாலையோடு, அவருக்குப் பிரியமான பொருள் ஒன்றையும் வைத்து அனுப்புவார்கள். எட்வினுக்கு எது என்று யாரும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, காமிக்ஸ்தான். ஆனால் பெட்டிக்குள் பிளாஸ்டிக் கூடாது என்று கல்லறைத் தோட்டத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"அண்ணி, உடைச்சிடாதீங்க," என்றான் பாலா. எட்வினோடு ஆபீசில் வேலை பார்த்தவன், இந்தக் காமிக்ஸ் பைத்தியத்திலும் கூட்டாளி. "அது ஒன்பது புள்ளி எட்டு."

"அப்படின்னா?"

"பத்துக்கு அவ்வளவு மார்க். அமெரிக்காவுல ஒரு கம்பெனிக்காரன் லென்ஸ் வச்சுப் பாத்து, மூலை மடங்கலை, ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கலைன்னு மார்க் போட்டு சீல் வச்சிருக்கான். ஒன்பது புள்ளி ஆறுன்னாலே விலை பாதியா விழுந்துடும். கூட்டைத் திறந்தா மார்க்கே கிடையாது. அலமாரி அடியில சாதாரணப் புத்தகம் நிறைய இருக்கு, அதுல ஒண்ண வைங்க."

"திறந்தா உள்ள இதே புத்தகம்தானே இருக்கும்?"

"இதேதான். ஆனா..."

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எட்வின் கூடுகளை ஒவ்வொன்றாக எடுப்பான், ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பான், துடைத்து வைப்பான். அப்போது அவன் முகத்தில் வரும் நிறைவைப் பார்த்து லலிதா வயிறெரிந்திருக்கிறாள். அவன் ஆசைப்பட்டது உள்ளே இருந்த புத்தகத்துக்கா, மேலே ஒட்டியிருந்த நம்பருக்கா? ஒருநாளும் கேட்கவில்லை. எதைக் கொடுத்தனுப்புகிறோம் என்றே தெரியாமல் அவனை அனுப்ப அவளுக்குப் பயமாக இருந்தது.

மாமனார் ஆண்டனி, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயரானவர், அழுது ஓய்ந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நக்கோம்மா, வேணாம்," என்றார், அந்தத் தெலுங்கு ஊரின் உருது கலந்த தமிழில். "பிள்ளை பொத்திப் பொத்தி வச்ச சாமான். உடைச்சா அவனுக்கே பொறுக்காது. நாளைக்கு வித்தா உனக்கும் ஆகும்."

"ஹவ் மாமா, சரிதான், ஆகும். அப்ப அவருக்கு?"

லலிதா திருப்புளியை ஒரு மூலையில் வைத்து, உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். படீரென்று கூடு பிளந்தது. உள் அறையில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஒரு நொடி நிறுத்தினார்கள். பாலா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கையில் எடுத்தால் புத்தகம் ஒன்றுமேயில்லாத மாதிரி லேசாக இருந்தது. ஈர விரல் பட்டு அட்டையில் ஒரு தடம் விழுந்தது. துடைக்கப் போக, இன்னும் இழுபட்டது.

"இது என்ன கதை பாலா?"

"தெரியாது அண்ணி."

"அவருக்குத் தெரியும்ல?"

"இல்ல." பாலா இன்னும் திரும்பவில்லை. "வரும்போதே சீல் வச்சுத்தான் வந்துச்சு. இதை அவனும் படிச்சதில்ல."

லலிதாவுக்கு எட்வின்மேல் நல்ல கோபம் வந்தது. இத்தனை நாள் துடைத்தாயே, உள்ளே என்ன என்று பார்க்கத் தோன்றவில்லையா, மடையா? கோபத்தோடு கூடவே அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. முக்காலியை அவன் தலைமாட்டில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்தைத் திறந்தாள்.

"மழை பெய்யுது," என்றாள் அவனிடம். அவளுடைய இங்கிலீஷ் கொஞ்சம்தான். பாதியைப் படத்தைப் பார்த்துச் சொன்னாள். "அந்தப் பொண்ணு மாடியில தனியா நிக்கிறா. கீழ போலீஸ் நிக்கிறாங்க. அவ யார் வீட்டுக்கோ போகணும், வழி தெரியல போல."

பக்கங்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. எச்சில் தொட்டுத் திருப்பினாள். ஒரு மூலை மடங்கியது. பாலா மெல்ல வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றான்.

"அது வழி தெரியாம இல்ல அண்ணி, வேணும்னே சுத்திப் போறா," என்றான்.

வாசலில் வண்டி வந்து ஹார்ன் அடித்தது. இரண்டு பேர் பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். லலிதா புத்தகத்தை மூடப் போனாள்.

ஆண்டனி நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தார். மூடியைச் சுவரில் சாய்த்து வைக்கச் சொன்னார்.

"நீ படிம்மா," என்றார். "நான் டிரைவர்கிட்ட சொல்லிட்டு வர்றேன்."

அவர் வெளியே போய் ஏதோ தெலுங்கில் சொன்னார். வண்டியின் எஞ்சின் நின்றது.