விட்டில் சாகாத வெளிச்சம்

திருப்பருத்திக்குன்றத்தில் பார்சுவநாதன் வீட்டுக் குளியலறையைப் புதுப்பிக்கும் வேலை ஒன்றரை மாதம் நடந்து, கடைசியில் ஒரு விளக்கில் வந்து நின்றுவிட்டது. சிவப்புத் தரையைப் பெயர்க்காமல் மெருகு போட்டாயிற்று. செம்புத் தவலையைப் புளி போட்டுத் தேய்த்துப் பழைய மேடையிலேயே வைத்தாயிற்று. உள்ளே நுழைந்ததும் ஈரம் படாத பகுதியில் கருங்கல் மேடையும் முகம் கழுவும் தொட்டியும் பதித்தாயிற்று. அதற்கு மேலே கண்ணாடி மாட்ட வேண்டும், கண்ணாடிக்கு விளக்கு வைக்க வேண்டும். அங்கேதான் மருமகள் நித்யாவுக்குச் சோதனை வந்தது.

அவள் மணப்பெண் அலங்காரம் படித்தவள். வீட்டோடு தொழில் செய்யட்டும் என்று மாமனார் ஒதுக்கிக் கொடுத்த இடம் அது. அலங்காரம் செய்யப் போன முதல் கல்யாணத்திலேயே அவள் சறுக்கியிருந்தாள். மண்டபத்து அறையில் தலைக்கு மேலே மங்கலாக எரிந்த ஒற்றை டியூப்லைட்டை நம்பிப் பூசினாள். வெளியே வந்தபோது பெண்ணின் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. "பொண்ணுக்கு உடம்பு சரியில்லியா?" என்று பந்தியிலேயே கேட்டார்கள். அதன் பிறகு ஏழு மாதம் அவளை யாரும் கூப்பிடவில்லை. இப்போதுதான் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் கமலாட்சி, மகள் கீர்த்தியின் கல்யாண வரவேற்புக்கு அவளை நம்பி வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை வரவேற்பு. இதிலும் நிறம் பிசகினால் தொழிலை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

ஆகவே பளிச்சென்ற வெள்ளை விளக்குதான் வேண்டும் என்றாள். மாமனார் முகம் சற்று வாடியது.

"வேணாம்னு சொல்லலம்மா. சுத்தி வயலு. ஆவணி மழை பேஞ்சா வெள்ளை விளக்கைத் தேடிக்கினு விட்டில் வருது. காலையில தரையெல்லாம் செத்துக் கிடக்குது. நம்ம மொகம் பாக்கறதுக்கு அதுங்க உசுரு போவணுமா? யோசிச்சிச் செய்."

கட்டளையாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். யோசிச்சிச் செய் என்று விட்டுவிட்டாரே! நித்யாவும் சமண வீட்டில் பிறந்தவள்தான். எறும்பு போகும் வரை காத்திருந்து கோலம் போட்ட கை அவளுடையது. அன்று இரவு உணவு இறங்கவில்லை என்று சொல்ல முடியாது, அந்த வீட்டில் பொழுது சாய்வதற்குள் எல்லோரும் சாப்பிட்டுவிடுவார்கள். தூக்கம்தான் வரவில்லை.

மறுநாள் மாமியார் தனலட்சுமியோடு காந்தி ரோட்டுக்குப் போனாள். விளக்கும் கண்ணாடியும் விற்கும் சபாபதியின் கடை. முதலில் கண்ணாடி பார்த்தார்கள். சுற்றிலும் பல்பு பதித்த கண்ணாடியைக் காட்டியதும் தனலட்சுமி முகத்தைச் சுளித்தாள்.

"குளிக்கிற ரூமா, நாடகக் கொட்டாயா?"

நித்யா வெள்ளைக் காகிதம் ஒன்றை ஒவ்வொரு கண்ணாடியோடும் ஒட்டிப் பிடித்துப் பார்த்தாள். மூன்றில் காகிதத்தின் பிம்பம் லேசாகப் பச்சையடித்தது. தேக்குச் சட்டம் போட்ட நாலாவதில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"இது நல்லாத்தான் இருக்குது. ஆனா எனக்கு நெத்திதான் தெரியுது," என்றாள் குள்ளமான தனலட்சுமி. அதே சட்டத்தில் இன்னும் ஓரடி நீளமானதை நித்யா எடுத்துக்கொண்டாள்.

அடுத்தது விளக்கு. வெள்ளை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். விடிந்ததும் குனிந்து, செத்த விட்டில்களை மெல்லிய துணியால் ஒற்றி எடுக்கும் மாமனாரின் முதுகு நினைவுக்கு வந்தது.

"அண்ணா, பூச்சி வந்து சாகாத விளக்கு ஏதாவது இருக்குதா?"

சபாபதி நிமிர்ந்து பார்த்தார். "இருவது வருசமா கடை வெச்சிக்கினு இருக்கறேன்மா. கரண்டு எத்தினி இழுக்கும், கேரண்டி எத்தினி வருசம், இதான் கேப்பாங்க. பூச்சிக்காகக் கேட்ட மொத ஆளு நீதான்."

உட்கார்ந்த இடத்திலிருந்து கைகாட்டி வியாபாரம் செய்கிறவர், எழுந்தே வந்துவிட்டார். இரக்கத்தோடு கேட்கும் கேள்விக்கு அப்படி ஒரு பலம் உண்டு.

"மஞ்ச வெளிச்சத்துக்குப் பூச்சி அவ்ளோவா வராது."

"மஞ்சள்ல நிறம் சரியாத் தெரியாதேண்ணா."

சபாபதி மேசை அறையிலிருந்து அரக்கு நிறப் பட்டுநூல் கண்டு ஒன்றை எடுத்தார். "பொடவைக் கடைக்காரங்க இத்த வெச்சிப் பாத்துதான் விளக்கு வாங்குவாங்க." அவள் கேட்க நினைத்த வெள்ளை விளக்கைப் போட்டு நூலைக் காட்டினார். "பாத்தியா? அரக்கு கருவாடு மாரி ஆயிடுச்சு."

"ஏம்பா, எங்களாண்ட சொல்றதுக்கு வேற உவமையே கெடைக்கலியா?" என்றாள் தனலட்சுமி.

சபாபதி காதைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு இளமஞ்சள் விளக்கு ஒன்றைப் போட்டார். நூல் உயிர் பெற்றது. வெயிலில் பார்க்கும் அதே அரக்கு.

"வெள்ளைன்னா உண்மை, மஞ்சன்னா பொய்யின்னு கெடையாதும்மா. பெட்டியில நிறங்காட்டற அளவு போட்டிருக்குது பாரு. இது நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு. அந்த வெள்ளை எழுவதுதான். என் பேச்சை நம்பாத, ரெண்டையும் கொண்டுபோய்ப் போட்டுப் பாரு. வேணாங்கறத திருப்பிக் குடு."

அன்று மாலை கண்ணாடிக்கு ஒரு பக்கம் வெள்ளையும் மறுபக்கம் மஞ்சளுமாக, முக உயரத்தில் விளக்குகள் ஏறின. பூசிப் பார்க்க முகம் வேண்டுமே? தனலட்சுமியை உட்கார வைத்தாள். மஞ்சளை அணைத்து, வெள்ளையில் வலக்கன்னம். பிறகு வெள்ளையை அணைத்து, மஞ்சளில் இடக்கன்னம். கூச்சத்தில் மாமியார் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பொழுது இருக்கும்போதே அவளைக் களத்துக்கு இழுத்து வந்து வெயிலில் நிறுத்தினாள் நித்யா.

பார்சுவநாதன் சுற்றி வந்து பார்த்தார். "தனம், எடது பக்கம் கல்யாணப் பொண்ணு மாரி இருக்குது."

"வலது பக்கம்?"

"மாவு மில்லுலேந்து வந்தாப்பல இருக்குது."

இருட்டத் தொடங்கியதும் தூறல் போட்டது. ஜன்னலைத் திறந்து இரண்டு விளக்கையும் ஏற்றினார்கள். கால் மணி நேரத்தில் வெள்ளையைச் சுற்றி ஈசலும் விட்டிலும் மொய்த்தன. மஞ்சளிடம் வந்தவை மூன்றே மூன்று. பார்சுவநாதன் இரண்டு தடவை எண்ணினார். பிறகு தாமே வெள்ளை விளக்கை அணைத்து, அவை பறந்து போகும் வரை காத்திருந்தார்.

"அந்த மூணும் வராம நான் பாத்துக்கறேம்மா," என்றார். விடிந்ததும் ஏணி போட்டு ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தார். வெள்ளை விளக்கு கடைக்குத் திரும்பியது. இன்னொரு மஞ்சள் வந்து கண்ணாடியின் மறுபக்கம் ஏறியது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கீர்த்தியும் கமலாட்சியும் வந்தார்கள். இரு பக்கமும் ஒரே சீரான வெளிச்சம். கண்ணுக்குக் கீழே நிழல் இல்லை, மூக்கோரம் கருமை இல்லை. நித்யா கீர்த்தியின் மாநிறத்தை வெளுக்க வைக்காமல், அதன் மினுமினுப்பை மட்டும் எழுப்பினாள்.

முடிந்ததும் கமலாட்சி மகளின் கையைப் பிடித்தாள். "வெளிய வாடி. நூலானாலும் சரி, பொண்ணு மொகமானாலும் சரி, வெயில்ல பாத்தாதான் எனக்கு நம்பிக்கை."

தெருவில் ஐந்து மணி வெயில். நூற்றுக்கணக்கான சாயங்களைப் பிரித்தறிந்த கண் கமலாட்சியுடையது. நெற்றி, கன்னம், காதோரம், கழுத்து சேருமிடம் என்று நிதானமாகப் பார்த்தாள். மகளின் தோளில் கிடந்த தான் நெய்த முந்தானையை அந்தக் கன்னத்தருகே தூக்கிப் பிடித்தும் பார்த்தாள். நித்யா வாசற்படியில் நின்றாள். அருகே நின்ற மாமனாரின் உதடுகள் அசைந்தன. ஜபிக்கிறார் என்று தெரிந்தது.

"வேற யாரையோ செஞ்சி அனுப்பிடுவியோன்னு பயந்துக்கினேதான் வந்தேம்மா," என்றாள் கமலாட்சி. "இவ எம் பொண்ணேதான். இன்னிக்குத்தான் நானே இவள நல்லா பாக்கறேன்."

எதிர்வீட்டுப் பெண்கள் இருவர் கீர்த்தியைச் சுற்றி வந்தார்கள். ஒருத்தி தைமாதம் தன் தங்கைக்கு நாள் குறித்திருப்பதைச் சொல்லி, அப்போதே தேதி கேட்டாள். தனலட்சுமி மருமகளுக்காகத் தானே பதில் சொல்லத் தொடங்கினாள். "தையா? சீக்கிரம் சொல்லிடுங்க, அவளுக்கு இனிமே நேரமே இருக்காது!"

கார் ஒலி எழுப்பியது. கீர்த்தி ஏறி உட்கார்ந்தாள். கமலாட்சியைக் காணோம். நித்யா உள்ளே ஓடிப் பார்த்தாள். அந்த அம்மாள் கண்ணாடிக்கு முன்னால், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"சம்மந்தி அம்மா பக்கத்துல நானும் நிக்கணும் இல்ல? அஞ்சி நிமிசம் காரு நிக்கட்டும். போடு."